லாரி போகும்போது பாலம் ஆடுகிறதே, கருவி வைத்தால் முன்கூட்டியே தெரியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். நெடுஞ்சாலைப் பாலம் ஒன்றின் நடுவே நெரிசலில் உங்கள் வண்டி நின்றிருக்கிறது. பக்கத்துத் தடத்தில் முழுப் பாரத்தோடு ஒரு டிரெய்லர் கடந்தபோது காலடியில் பாலம் அமுங்கி எழுந்ததை உணர்ந்திருக்கிறீர்கள். பாலம் விழப்போவதை முன்னதாகச் சொல்லும் கருவிகள் உண்டா, உண்டென்றால் ஏன் இன்னும் பாலங்கள் விழுகின்றன என்று கேட்கிறீர்கள். கேள்வி கருவியைப் பற்றியதாக இருந்தாலும், அந்த ஆட்டத்துக்குப் பயப்பட வேண்டுமா என்பதுதான் உங்கள் மனதில் இருப்பது என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாலங்களில் அளவுக் கருவிகளைப் பொருத்துவதும் அவை தரும் எண்களைப் படிப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. பெரும்பாலும் இரும்பு கர்டர் பாலங்கள் (கர்டர் என்பது தூணுக்குத் தூண் நீண்டு தளத்தைத் தாங்கும் உத்தரம்), உள்ளே கம்பிகளை இழுத்துக் கட்டி இறுக்கிய முன்னழுத்தக் கான்கிரீட் பாலங்கள். தொங்கு பாலமும் கேபிள் பாலமும் வேறு ரகம். இங்கே நான் சொல்வதை அப்படியே அவற்றுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ஆட்டம் மட்டுமே ஆபத்தின் அடையாளம் இல்லை. இதை உறுதியாகச் சொல்லலாம். பாலம் என்பது ஒரு விறைப்பான ஸ்பிரிங். எடை ஏறினால் அமுங்கும், இறங்கினால் எழும். இரண்டு தூண்களுக்கு இடையே உள்ள நீளத்தில் 800-ல் ஒரு பங்கு வரை அமுங்கலாம் என்பது வடிவமைப்பில் பரவலாகக் கையாளப்படும் ஒரு வரம்பு. 40 மீட்டர் நீளத்துக்கு அது 50 மில்லிமீட்டர். ஒற்றை லாரிக்கு உண்மையில் அளந்தால் பெரும்பாலும் அதில் சிறு பகுதிதான் வரும். ஆனால் மனித உடல் அமுங்கலின் அளவை உணர்வதில்லை, அது எவ்வளவு சட்டென்று நடக்கிறது என்பதைத்தான் உணர்கிறது. விநாடிக்கு மூன்று முறை, வெறும் 1 மில்லிமீட்டர் மேலும் கீழும் ஆடினாலே நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். 30, 40 மீட்டர் நீளமுள்ள பாலங்கள் இயல்பாக ஆடும் வேகமும் ஏறத்தாழ அதுவே, 3 ஹெர்ட்ஸ் அளவு. பாரம் ஏற்றிய லாரியின் உடல் தன் ஸ்பிரிங்கின் மேல் குதிக்கும் வேகமும் 2 முதல் 4 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒத்துப்போகும்போது, அதுவும் பாலத்தின் நுழைவில், தளம் நீளவும் சுருங்கவும் விட்ட இடைவெளி இணைப்பான எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் தூக்கிக்கொண்டிருந்து லாரி அதில் ஏறிக் குதித்தால், ஆட்டம் பெரிதாகும். ஓடும் வண்டியில் இருப்பவருக்கு இது தெரிவதில்லை, நெரிசலில் நின்றவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அப்படியானால் கனரக லாரிகள் பாலத்தை ஒன்றும் செய்வதில்லையா? செய்கின்றன. ஆனால் ஒரே நாளில் முறித்துப் போடுவதாக நாம் கற்பனை செய்யும் விதத்தில் இல்லை. இரும்புப் பாலத்தில் அதன் பெயர் உலோகக் களைப்பு. ஒரு கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி ஒடிப்போமே, அதன் மிக மெதுவான வடிவம். ஒவ்வொரு லாரியும் கடந்து போகையில் கர்டரின் அடிப்பகுதி ஒருமுறை இழுபட்டுத் தளர்கிறது. வெல்டிங் முடியும் இடங்களில், கூடுதல் தகடு ஒட்டிய முனைகளில், அந்த இழுவை குவிந்து, கண்ணுக்குத் தெரியாத குறையிலிருந்து விரிசல் தொடங்குகிறது. எவ்வளவு இழுவை வேண்டும் தெரியுமா? பாலத்துக்குப் பயன்படும் எஃகு 250 முதல் 350 மெகாபாஸ்கல் (பொருளுக்குள் எழும் இழுவையை அளக்கும் அலகு) வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும். ஆனால் மோசமான வெல்டிங் முனைகளில், தடிமனான கூடுதல் தகட்டின் நுனி போன்ற இடங்களில், 18 மெகாபாஸ்கலுக்கு மேல் ஏறி இறங்கும் இழுவையே போதும், கோடிக்கணக்கான முறை திரும்பத் திரும்ப வந்தால் விரிசல் விடும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1958-ல் திறந்த யெல்லோ மில் பாண்ட் பாலத்தில், லாரிப் போக்குவரத்து மிகுந்த சாலை அது, 1970-ல் இப்படிப்பட்ட தகட்டு முனையில் விரிசல் கண்டுபிடித்தார்கள். வெறும் 12 ஆண்டுகள்.

இதில் லாரியின் எடை எப்படிக் கணக்காகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் பாதிப் பதில் இங்கேதான் இருக்கிறது. வெல்டிங் முனைகளின் களைப்பு, இழுவையின் மும்மடிப் பெருக்கத்தில், அதாவது அதே எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கிய கணக்கில், கூடுகிறது. அனுமதித்ததைப் போல ஒன்றரை மடங்கு எடையோடு போகும் லாரி ஒன்றரை மடங்கு சேதம் செய்வதில்லை, ஏறத்தாழ 3.4 மடங்கு செய்கிறது. இரண்டு மடங்கு ஏற்றியிருந்தால் 8 மடங்கு. ஒன்றரை டன் கார் ஒன்றையும் 45 டன் லாரி ஒன்றையும் இதே கணக்கில் வைத்தால் ஒரு லாரி 27,000 கார்களுக்குச் சமம். உண்மையில் காரால் வரும் இழுவை விரிசல் தொடங்கத் தேவையான அந்த வரம்பையே தாண்டுவதில்லை என்பதால் கார்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சாலைத் தளத்துக்கு நான்கு மடிக் கணக்கு உண்டு என்று படித்திருப்பீர்கள். அது 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த ஒரு பெரிய சாலைச் சோதனையிலிருந்து வந்தது, ஆக்சில், அதாவது சக்கர அச்சு, ஒவ்வொன்றும் தாங்கும் எடைக்கும் சாலைத் தேய்மானத்துக்கும் உரியது. பாலத்தின் கர்டருக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டையும் குழப்பி எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

முன்னழுத்தக் கான்கிரீட்டில் கதை வேறு. கான்கிரீட் விரிசல் விடாமல் இறுகியிருக்கும் வரை, மேலே லாரி போனாலும் உள்ளே இருக்கும் கம்பியின் இழுவை மிகக் கொஞ்சமே மாறுகிறது, களைப்பு பெரிய பிரச்சினை இல்லை. விரிசல் திறந்துவிட்டால் அதே லாரிக்குக் கம்பி படும் பாடு பல மடங்காகிவிடும். அங்கே முதல் எதிரி லாரி இல்லை, உள்ளே நுழையும் ஈரமும் உப்பும்தான்.

இப்போது கருவிகள். நாங்கள் அதிகம் பயன்படுத்துவது ஸ்ட்ரெயின் கேஜ். 1938-ல் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தனித்தனியே கண்டுபிடித்தது. மெல்லிய மின்கம்பியை இரும்போடு ஒட்டிவிட்டால், இரும்பு நீளும்போது கம்பியும் நீண்டு மின்தடை மாறும். மேலே சொன்ன 18 மெகாபாஸ்கலுக்கு ஒரு மீட்டர் இரும்பு வெறும் 0.09 மில்லிமீட்டர்தான் நீளும். அதை இந்தச் சின்னப் பட்டை தெளிவாகக் காட்டிவிடும். ஒரு லாரி கடந்தால் திரையில் ஒரு மேடு எழுந்து அடங்கும். சில வாரங்கள் பதிவு செய்து, எந்த உயர மேடு எத்தனை முறை வந்தது என்று எண்ணினால், அந்த இடத்தில் களைப்பு எவ்வளவு சேருகிறது என்று கணக்கிடலாம். இது நன்றாகப் பழகிய, நம்பத்தக்க வேலை. பெரும்பாலும் நல்ல செய்தியும் தரும். கணக்கில் வந்த இழுவையைவிட அளந்த இழுவை குறைவாகவே இருக்கும், ஏனென்றால் மேல்தளம், கைப்பிடிச் சுவர், பக்கத்துக் கர்டர்கள் எல்லாம் தாளில் காட்டாத அளவுக்குச் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கணக்குப்படி ஆயுள் முடிந்த பாலங்கள் அளந்து பார்த்த பிறகு நிம்மதியாகத் தொடர்ந்து பயன்படுவது இதனால்தான். ஆனால் மீதி ஆயுள் எத்தனை ஆண்டு என்று ஒற்றை எண்ணாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இழுவையை 10 சதவீதம் தவறாக அளந்தாலே மும்மடிக் கணக்கில் ஆயுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிழையாகிவிடும்.

அதே கேஜ்களை வைத்து லாரியையே எடை போடலாம். பாலத்தையே தராசாக்கும் இந்த யோசனையைப் பொறியாளர் ஃப்ரெட் மோசஸ் 1979-ல் வெளியிட்டார். லாரியை நிறுத்த வேண்டாம், ஓட்டுநருக்குத் தெரியவும் வேண்டாம், கர்டர் எவ்வளவு வளைந்தது என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஆக்சில் எடைகளைப் பிரித்துவிடலாம். மொத்த எடை நன்றாகவே வரும், நெருக்கமான ஆக்சில்களைப் பிரிப்பதில் பிழை கூடும். கருவி வைப்பதன் மிகப் பெரிய பயன் இதுதான் என்பது என் கருத்து. பாலத்தின் உடல்நிலையைக் கேட்பதற்கு முன், அதன் மேல் என்ன ஏறுகிறது என்று தெரிய வேண்டும். பல பாலங்களில் அந்த முதல் கேள்விக்கே பதில் இல்லை.

அடுத்தது, வெளியில் இருப்பவர்கள் எதிர்பார்க்காத ஒன்று. கருவி காட்டும் மாற்றங்களில் பெரும்பகுதி லாரியால் வருவதே இல்லை, வெயிலால் வருகிறது. நான் வேலை செய்த ஒரு கான்கிரீட் பாலத்தில் தூணின் தலைப்பகுதியில் விரிசல்கள் தெரிந்தன. ஓவர்லோடு லாரிகள்தான் காரணம் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள், நானும் அப்படியே நினைத்துப் போனேன். கர்டரின் நடுவில் கேஜ் ஒட்டினோம். லாரிகளால் வந்த இழுவை கணக்கைவிடக் குறைவாக இருந்தது. கூடவே, கர்டர் தூணின் மேல் உட்கார்ந்து நகர இடம் தரும் தாங்கியான பேரிங்கின் அருகே நகர்வை அளக்கும் கருவி ஒன்றையும் வைத்திருந்தோம். 40 மீட்டர் கான்கிரீட் கர்டர் 15 டிகிரி சூடேறினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். அந்தக் கோடு தினமும் அலை போல ஏறி இறங்க வேண்டும். எங்களுக்கோ மூன்று நாள் நேர்கோடாகவே இருந்தது. கருவிதான் கெட்டுவிட்டது என்று மாற்றப் போனோம். நான்காம் நாள் பிற்பகலில் கோடு ஒரே தாவலாக 4 மில்லிமீட்டர் குதித்தது. பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது. கர்டர் நீள முயல, பேரிங் விடாமல் பிடிக்க, அந்த விசை முழுவதும் தூணின் தலையைத் தள்ளிக்கொண்டே இருந்து, தாங்க முடியாத ஒரு கணத்தில் வழுக்கியிருக்கிறது. விரிசல்களைப் போட்டது லாரி இல்லை. அன்று முதல் எந்தப் பாலத்திலும் வெப்பமானியும் பேரிங் நகர்வுக் கருவியும் இல்லாமல் நான் வேலையைத் தொடங்குவதில்லை.

இதே வெயில், பாலத்தின் அதிர்வைக் கேட்டுச் சேதத்தைக் கண்டுபிடிக்கும் முறையையும் தடுமாற வைக்கிறது. மணியில் விரிசல் விழுந்தால் ஓசை மாறுவது போல, பாலத்தில் சேதம் வந்தால் அது ஆடும் வேகம் மாறும் என்பது அடிப்படை யோசனை. யோசனை சரி, நடைமுறை கடினம். சுவிட்சர்லாந்தில் இடிக்கப்படவிருந்த இசட்-24 என்ற பாலத்தில் 1997, 1998-ல் கருவிகள் வைத்து ஏறத்தாழ ஓராண்டு கவனித்தார்கள், பிறகு வேண்டுமென்றே படிப்படியாகச் சேதப்படுத்தினார்கள். கடும் குளிரில் மேலே இருந்த தார்த்தளம் உறைந்து இறுகியதால் மட்டுமே ஆடும் வேகம் 10 சதவீதத்துக்கும் மேல் மாறியது. ஒரு தூணை 95 மில்லிமீட்டர் கீழே இறக்கியபோது வந்த மாற்றம் அதைவிடப் பெரிதாக இல்லை. வெப்பத்தின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்க்கும் கணித முறைகள் வந்திருக்கின்றன, இயந்திரக் கற்றலும் வந்திருக்கிறது. அவை ஒரு பாலத்தின் வழக்கமான நடத்தையிலிருந்து விலகலைச் சொல்ல உதவும். எங்கே, என்ன சேதம், எவ்வளவு காலம் தாங்கும் என்று அவை சொல்வதை நான் இன்னும் ஐயத்தோடுதான் பார்க்கிறேன். பாடம் கற்றுக்கொள்ள அவற்றுக்குத் தேவையான சேதமடைந்த பாலங்களின் பதிவுகள் உலகத்திலேயே மிகக் குறைவு.

உங்கள் இரண்டாம் கேள்வி: பிறகு ஏன் விழுகின்றன? முதல் காரணம், கருவி தான் ஒட்டிய இடத்தை மட்டுமே அறியும். அமெரிக்காவின் மினியாபொலிஸில் 2007 ஆகஸ்ட் 1 அன்று ஐ-35 டபிள்யூ பாலம் விழுந்து 13 பேர் இறந்தார்கள், 145 பேர் காயமடைந்தார்கள். பலருக்குத் தெரியாத விஷயம், அந்தப் பாலத்தில் முன்பே ஸ்ட்ரெயின் கேஜ் ஒட்டி ஆராய்ந்திருக்கிறார்கள், 2001-ல் அறிக்கையும் வந்தது. முதன்மைச் சட்டகத்தில் களைப்பு விரிசல் வர வாய்ப்பில்லை என்றது அறிக்கை. அந்த முடிவு தவறில்லை. பாலம் களைப்பால் விழவில்லை. உறுப்புகளை இணைக்கும் மூட்டுத் தகடுகள் சில, 1960-களின் வடிவமைப்புப் பிழையால், இருக்க வேண்டிய தடிமனில் பாதிதான் இருந்தன. விழுந்த நாளில் பழுதுபார்ப்பு வேலைக்கான பொருட்களும் வண்டிகளும் அந்த இடத்துக்கு மேலே குவிந்திருந்தன. அந்தத் தகடுகள் வளைந்திருப்பது பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த புகைப்படங்களிலேயே தெரிந்தது. கேட்ட கேள்விக்குக் கருவி சரியாகப் பதில் சொன்னது. கேட்க வேண்டிய கேள்வி வேறாக இருந்தது.

அளவில் மிகச் சிறிய குறையாலும் விழும். அமெரிக்காவின் ஓஹையோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15 அன்று விழுந்து 46 பேர் இறந்தார்கள். சங்கிலி போல் கோத்த இரும்புப் பட்டைகளில் ஒன்றின் துளைக்குள்ளே, பிரித்துப் பார்த்தாலொழியத் தெரியாத இடத்தில், சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழ விரிசல். ஒரு பட்டை போனால் தாங்கிக்கொள்ள அடுத்தது இல்லாத அமைப்பு. அத்தகைய பாலத்தில் கருவி எச்சரித்தாலும் ஓடித் தப்ப நேரம் கிடைக்காது. ஓர் உறுப்பு முறிந்தால் சுமையை ஏற்க வேறு வழி உண்டா என்பதை நான் எந்தச் சென்சாரையும்விட முக்கியமாக நினைக்கிறேன்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் முன்னழுத்தக் கம்பிகள் இன்னொரு குருட்டு இடம். ஜெர்மனியின் டிரெஸ்டனில் 1971-ல் திறந்த கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் எல்பே ஆற்றில் விழுந்தது, நல்லவேளையாக மேலே யாரும் இல்லை. உள்ளே கம்பிகள் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கும் ஒருவகை அரிப்பால் ஒவ்வொன்றாக முறிந்துகொண்டிருந்தன, வெளியே அதற்கேற்ற அடையாளம் தெரியவில்லை. இப்படிப்பட்ட பாலங்களுக்கு ஒலி கேட்கும் சென்சார்கள் உண்மையிலேயே உதவுகின்றன. கம்பி ஒன்று முறியும்போது எழும் ஓசையை, லாரிச் சத்தத்தின் நடுவிலும் பிரித்தறிய முடிகிறது. ஆனால் பொருத்திய நாளுக்குப் பிறகு முறிவதை மட்டுமே அவை கேட்கும். அதற்கு முன் எத்தனை போய்விட்டன என்று சொல்லாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாலங்கள் விழுவதற்கு லாரியைவிடப் பெரிய காரணம் தண்ணீர், அடித்தளத்தைச் சுற்றி ஆறு மண்ணை அரித்துக்கொண்டு போவது. கர்டரில் எத்தனை கேஜ் ஒட்டினாலும் அது தெரியாது.

கடைசிக் காரணம்தான் எனக்கு அதிகம் வலிப்பது. தெரிந்தும் செய்யாதது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் ஃபெர்ன் ஹாலோ பாலம் 2022 ஜனவரி 28 அன்று விழுந்தது. அதன் எடை வரம்பு 26 டன் என்று பலகையே வைத்திருந்தார்கள். வடிகால் அடைத்து, குப்பையும் ஈரமும் தேங்கி, இரும்புக் கால்கள் அரித்து ஓட்டையாகியிருந்ததை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் அறிக்கையில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அங்கே எந்தச் சென்சாரும் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான் பணிபுரிந்த ஓரிடத்தில் எச்சரிக்கைக் குறுஞ்செய்தி வரும்படி கருவி அமைத்தோம். மழை பெய்த இரவுகளில் கேபிள் இணைப்பில் ஈரம் இறங்கி எண் நழுவும், நள்ளிரவில் பொய்யான எச்சரிக்கை போகும். மூன்று வாரத்தில் பொறுப்பில் இருந்தவர் அந்தச் செய்திகளை நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்த இணைப்பை ஒழுங்காக மூடாதது எங்கள் வேலைக்குறை. கருவிகள் மட்டும் ஓராண்டு யாரும் பார்க்காமல் பதிவு செய்துகொண்டே இருந்தன. அதனால் இப்போது என்னிடம் யாராவது 200 சென்சார் வேண்டும் என்றால், எச்சரிக்கை வந்தால் யார், எத்தனை மணிக்குள், எந்தத் தடத்தை மூடுவார் என்று முதலில் எழுதித் தரச் சொல்கிறேன். பதில் இருந்தால் 10 சென்சாரே பல நேரம் போதும்.

உங்கள் பாலத்துக்கு வருகிறேன். பார்க்காமல் அதற்கு நல்ல பெயரோ கெட்ட பெயரோ என்னால் தர முடியாது. அடுத்த முறை போகும்போது ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு சிலவற்றைக் கவனியுங்கள். எக்ஸ்பான்ஷன் ஜாயின்டின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, ஒரு பக்கம் படி போல இறங்கியிருக்கிறதா. லாரி ஏறும்போது இரும்பில் இரும்பு மோதும் சத்தம் வருகிறதா, முன்பு இல்லாமல் புதிதாக வருகிறதா. கைப்பிடியின் மேல்விளிம்பை நீளவாக்கில் பார்த்தால் ஓரிடத்தில் தொய்ந்திருக்கிறதா. பாலத்துக்குக் கீழே பாதுகாப்பாகப் போக வழி இருந்தால், ஜாயின்டுக்கு நேர் கீழே கர்டர் முனையிலும் தூணின் தலையிலும் துருக்கறை வழிந்திருக்கிறதா, வடிகால் குழாய் நீரைக் கர்டரின் மேலேயே விடுகிறதா, வெள்ளத்துக்குப் பிறகு தூணின் அடித்தளம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். இவற்றில் எதைக் கண்டாலும் எத்தனையாவது தூண், எந்தப் பக்கம், என்ன தேதி என்று குறித்து, படத்தோடு சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். படம் எடுக்கும்போது அருகில் ஓர் அளவுகோலோ நாணயமோ வையுங்கள், ஆறு மாதம் கழித்து இன்னொருவர் எடுக்கும் படத்தோடு ஒப்பிட அது உதவும்.